தண்ணீர் இல்லாத மீன்தொட்டி

பல் டாக்டரிடம் அவள் பதினேழு வருஷமாக உதவியாளர். கருவிகளைக் கழுவுவாள், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பாள், "நல்லா ஆ காட்டுங்க" என்பாள். வருகிறவர்களுக்கெல்லாம் சிஸ்டர்.

காத்திருக்கும் அறையில் மூன்றடி மீன்தொட்டி ஒன்று. உள்ளே டிரில் கத்தும்போது வெளியே இருப்பவர்கள் கண்ணை வைக்க ஓர் இடம் வேண்டுமென்று அவள்தான் கேட்டு வாங்கியது. நீலக் கூழாங்கல், ஒரு பிளாஸ்டிக் செடி, ஒன்பது மீன். இப்போதெல்லாம் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

"எடுத்துடலாம் சிஸ்டர். அங்க டிவி மாட்டிக்கலாம்" என்றார் டாக்டர்.

"ரெண்டு மாசம் குடுங்க டாக்டர். அடியில புல்லு விரிச்ச மாதிரி பண்ணிடறேன். அப்பவும் யாரும் பாக்கலேன்னா நானே தூக்கிடறேன்."

வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் கொடுத்த செடிக்குக் கடுகைவிடச் சற்றே பெரிய இலை. தரையோடு படரும். "பிய்ச்சுப் பிய்ச்சு நடுங்க. தண்ணி ஊத்தாதீங்க, மண்ணு ஈரமா இருந்தாப் போதும். மேல பிளாஸ்டிக் தாளால மூடி லைட்டைப் போடுங்க. ஆறு வாரம். வேர் பிடிக்கறதுக்கு முன்னாடி ஊத்தினா அத்தனையும் மிதக்கும்."

மீன்கள் அவள் வீட்டுக் குளியலறையில் பெரிய டப்புக்குப் போயின. "இனிமே நான் குளிக்கறதுக்கு இதுங்ககிட்ட லீவு லெட்டர் குடுக்கணுமா?" என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

"நீங்க என்னிக்கு தினமும் குளிச்சீங்க?"

தொட்டியில் கூழாங்கல்லை அள்ளிவிட்டு மண் நிரப்பி, வளைந்த மூக்கு இடுக்கியால் இரண்டு விரல் இடைவெளியில் நூற்று நாற்பது துணுக்குகள் நட்டாள். ஐந்தாம் நாள் எல்லாம் மஞ்சள். பத்தாம் நாள் கூழ்.

"மருந்து ஏதாவது விட்டீங்களா?" என்றார் கடைக்காரர்.

"இல்லையே" என்றவள் வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். "ஒவ்வொண்ணு நட்டதும் இடுக்கியைக் கிருமிநாசினில முக்கி எடுத்தேன்."

"செடி நட்டீங்களா, பல்லு புடுங்கினீங்களா?"

பழக்க தோஷம். மண்ணை மாற்றி மறுபடி நட்டபோது கிருமிநாசினித் தட்டை அடுத்த அறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அப்படியும் கை இரண்டு தடவை இடப்பக்கம் போய் வெறும் மேஜையைத் தொட்டது.

வந்தவர்கள் விடவில்லை. "மீனெல்லாம் எங்க சிஸ்டர், டூரா?" "தண்ணியில்லாத ஊருக்கு மாத்திட்டாங்களா?" சிரித்தார்கள், ஆனால் எழுந்துபோய்த் தாளை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார்கள். துணுக்குகள் ஒன்றையொன்று தொட ஆரம்பித்திருந்தன.

மறுபடி நட்ட ஐந்தாவது வாரம் டாக்டர் சொன்னார்: "டிவிக்காரர் நாளைக்கே வராராம். அப்புறம்னா ஒரு மாசம் ஆகுமாம்."

"இன்னும் ஒரு வாரம் இருக்கு டாக்டர். வேர் முழுசாப் பிடிக்கல."

"இன்னிக்கே ஊத்திப் பாத்துடுங்களேன்."

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது. குளுக்கோஸ் ஏற்றும் மெல்லிய குழாயைக் கொண்டு வந்தாள். வாளியை ஸ்டூல்மேல் வைத்து, குழாயின் நுனியைக் கண்ணாடிச் சுவரோடு ஒட்டினாள். தண்ணீர் நூலாக இறங்கியது. ஒரு வாளி தீர அரைமணி. வாளி வாளியாக இறங்குவதற்குள் உள்ளே இரண்டு பல் அடைப்பு, ஒரு வேர் சிகிச்சை. நடுநடுவே ஓடி வந்து பார்த்தாள். கன்னம் வீங்கிய ஒருவர் தானாகவே காவலுக்கு உட்கார்ந்துகொண்டார்.

"ஒண்ணு கிளம்பிடுச்சு சிஸ்டர்!"

சாயங்காலத்துக்குள் ஏழு மிதந்தன. ஏழையும் இடுக்கியால் பிடித்துத் திரும்ப நட்டாள். மற்றவை அசையவில்லை.

காலையில் கணவர் மூடிபோட்ட வாளியோடு வந்தார். "ஒன்பதும் இருக்கு, எண்ணிக்கோ. பாத்ரூம் இனி என்னோடது." மீன்கள் இறங்கின. இலை நுனிகளில் சின்னச் சின்னக் குமிழ்கள். ஒரு மீன் பச்சைக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

டிவிக்காரர் ஏணியோடு வந்தபோது டாக்டர் தோள்பையைக்கூடக் கழற்றாமல் தொட்டியின்முன் குனிந்து நின்றார்.

"எங்க மாட்டறது சார்?"

டாக்டர் திரும்பவில்லை. "எதிர்ச் சுவத்துல."

டிவி அங்கே ஓடுகிறது. தொட்டியைப் பார்த்து உட்கார்பவர்களுக்கு அது முதுகுப் பக்கம்.

"அடுத்து யாரு?" என்று எட்டிப் பார்த்தாள் சிஸ்டர்.

"நான்தான்" என்றார் ஒருவர், எழாமல். "சின்ன மீன் ஒண்ணு செடிக்குள்ள போச்சு. வெளிய வரட்டும், வந்துடறேன்."