கதவோரத்துத் தாள்

பலாங்கொடையிலிருந்து ஏறி வரும் பஸ் மூச்சுவாங்கி நிற்கும் கடைசி வளைவுக்கு மேலேதான் அந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா இருந்தது. தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகையில் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். உத்தரத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாக ஆடும். பாலும் அடுப்புப் புகையும் காயாத துணியும் கலந்த அந்த வாசனை, இப்போதும் அடைமழை நாட்களில் விஜயகலாவின் மூக்கைத் தேடி வந்துவிடும்.

ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்த வருஷம் 1996. அதற்கு வெகு முன்பிருந்தே புஷ்பம் அங்கே இருந்தாள். இரண்டு தொட்டில் கயிறுகளைக் கால் பெருவிரல்களில் மாட்டி ஆட்டிக்கொண்டே வெற்றிலை மடிக்கக் கூடியவள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த சேமநல அதிகாரி நாகேஸ்வரி மிஸ்தான் எழுதி வைக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். "ஏதும் பிழை நடந்தா எழுதி வையுங்கோ. அடுத்த ஆள் அதிலையே போய் விழக்கூடாது."

விஜயகலா பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினாள். நடந்தது, நடந்த நாள், யாரால் நடந்தது என்று அழகான கையெழுத்தில் எழுதி, அடுப்புக்கு மேலிருந்த ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தி வைத்தாள். மிஸ் பாராட்டினார். அவளுக்கும் பெருமைதான்.

ஒரு மழைப் பகலில் வேலை முடியும் சங்கு முன்னதாகவே ஊதிவிட்டது. இடுப்பில் கட்டிய படங்கும் கூடையுமாகத் தாய்மார் ஒரேயடியாக வாசலில் வந்து முட்டினார்கள். "இவ அம்மா வர நேரமாகும் அக்கா, நானே கொண்டுபோறேங்க" என்று ஒரு குழந்தையின் பக்கத்து வீட்டுக்காரி கேட்க, புஷ்பம் குழந்தையைக் கொடுத்துவிட்டாள். தாய் வந்து பார்த்தால் தொட்டில் காலி. குழந்தை பக்கத்து வீட்டில் தூங்குகிறது என்று தெரிவதற்குள், அவள் அழுதுகொண்டே வரிசை வீடுகளில் லயம் லயமாக ஓடியிருந்தாள்.

'புஷ்பம் தாயைக் கேட்காமல் பிள்ளையைக் கொடுத்துவிட்டாள்' என்று எழுதி மாட்டினாள் விஜயகலா.

மறுநாள் காலை, பால் போத்தலை வைக்க வந்த ஒருத்தி அதைப் படித்துவிட்டாள். "இன்னிக்கு என் புள்ளைய எந்த லயத்துக்கு அனுப்பப் போறீங்க அக்கா?" வாசலே சிரித்தது. புஷ்பத்துக்குப் படிக்கத் தெரிந்தது தன் பெயரை மட்டும்தான். அன்று மத்தியானம் அவள் ஆணியருகே போய் நின்று, தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். அதன் பிறகு நடந்த பிழை எதையும் அவள் விஜயகலாவிடம் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து, வெந்நீர்ப் பானை உயரத் திட்டில் இருப்பதைப் பார்த்த விஜயகலா, அதை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். அவள் திரும்புவதற்குள் தவழும் பயல் ஒருவன் பானையின் விளிம்பைப் பிடித்துவிட்டான். புஷ்பம் பாய்ந்து அவனைத் தூக்கினாள்.

"நேத்தும் இதையேதான் பண்ணினான். அதுக்குத்தான் மேல தூக்கி வச்சேன்."

"ஏங்க அக்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா சொவத்துல தொங்கும்." புஷ்பம் பயலின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "நான் மறுபடியும் மலைக்கே போயிர்றேன் புள்ள. கணக்கப்பிள்ளைகிட்ட கேட்டாச்சு. அத்தன தாளயும் பொரட்டிப் பாத்தேன். என் பேரு கெடக்கு. உன் பேரத்தான் காட்டு பாப்போம்."

விஜயகலா ஆணியைப் பார்த்தாள். எழுதிய கை அவளுடையது. சற்றுமுன் பானையை இறக்கிய கையும் அதுதான்.

பிள்ளைகள் போன பிறகு எல்லாத் தாள்களையும் கழற்றித் தரையில் பரப்பி, புதுத் தாளொன்றில் எழுதினாள்: 'வெந்நீர்ப் பானை எட்டும் இடத்தில் இருந்தது. குழந்தை பிடித்தது. உயரத்தில் வைக்கவும்.' பெயரும் இல்லை, நாளும் இல்லை. வெற்றிலைப் பையை எடுக்க வந்த புஷ்பம் குனிந்து, தன் பெயரைத் தேடினாள்.

"இது யாரு பண்ணினதுன்னு போட்டிருக்க?"

"யாரும் இல்லக்கா. இங்க நடந்துச்சு, அவ்வளவுதான்."

புஷ்பம் நின்றாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "கதவுகிட்ட நடந்தத அடுப்புக்கு மேல மாட்டினா, மழையில எவ போய்ப் பாப்பா? கதவுலயே ஒட்டு."

பெயர் நீக்கித் திரும்ப எழுதியபோது, கதவில் நடந்தவை கதவுக்கும், அடுப்பில் நடந்தவை அடுப்புக்கும், தொட்டிலில் நடந்தவை தொட்டில் தூணுக்கும் போயின. ஒட்ட ஒட்ட, அதுவரை சொல்லாமல் வைத்திருந்தவற்றைப் புஷ்பம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். விஜயகலா எழுதினாள், தான் மறைத்தவற்றையும் சேர்த்தாள். மலைக்குப் போகும் பேச்சை இருவரும் பிறகு எடுக்கவில்லை.

2009இல், புஷ்பம் ஓய்வு பெற்றிருந்த சமயம், அதேபோல் ஒரு மழை. சங்கு முந்திக்கொண்டது. கிழிந்த குடையோடு வாசலில் வந்து நின்றாள் புஷ்பம். எதிர் வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருந்தாள். புதிதாகச் சேர்ந்த பிரேமலதா, 'தாய் சொல்லாமல் யாரிடமும் பிள்ளையைக் கொடுக்க வேண்டாம்' என்ற கதவோரத் தாளைப் பார்த்துவிட்டு, கையைக் குறுக்கே நீட்டினாள்.

"அவங்க அம்மா காலையில ஒன்னும் சொல்லலீங்களே. அவங்க வரட்டும்."

உள்ளேயிருந்த விஜயகலா வாயைத் திறந்தாள். புஷ்பம் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்து, வேண்டாம் என்றாள்.

"கோவிச்சுக்காதீங்க. யாரு எழுதி வச்சாங்களோ, மழை நாள்ல பெரிய தொல்லை" என்றாள் பிரேமலதா.

"யாரோ எழுதினது" என்றாள் புஷ்பம். குடையை மடக்கினாள். கூரைத் தண்ணீர் கால்மாட்டில் தெறிக்க, அந்தத் தாளுக்குக் கீழேயே சாய்ந்து நின்று, பிள்ளையின் தாய் வரும்வரை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.