சுவர்ப் பூஞ்சணத்துக்கு நான் எழுதிய காரணம்

எங்கள் படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம் பிடித்ததற்குக் காரணம், வெளியே உடைந்து கிடந்த மழைத்தண்ணீர்க் குழாய். அடுத்த வருடம் அதை மாற்றினார்கள், சுவர் காய்ந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பதினைந்து வயதில் உயிரியல் வகுப்புக்கு நான் வேறு மாதிரி எழுதி, 'ஏ' தரம் வாங்கியவள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த கோலியர்ஸ் வுட்டில், கவுன்சில் என்ற நகரசபை தந்த கீழ்த்தள வீடு. அம்மா, அப்பா, நான், மூன்று வயதுத் தம்பி. தம்பியின் கட்டில் அந்தச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. போட வேறு இடமில்லை. சுவரில் கறுப்புப் புள்ளிகள் கூடக் கூட அவனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கவுன்சிலுக்கு நான்தான் கடிதம் எழுதினேன். நாலாவது கடிதத்துக்குப் பிறகு ஓர் ஆள் வந்தார்.

வந்தவர் சுவரைப் பார்த்தது ஒரு நிமிடம்கூட இராது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நேரே குசினிக்குப் போனார். அம்மா பிட்டு அவித்துக்கொண்டிருந்தார். பானையின் வாயில் ஓலையில் பின்னிய நீத்துப்பெட்டி, அதற்கு மேலால் ஆவி. "இதுதான்" என்றார் அந்த ஆள், கள்ளனைப் பிடித்த மாதிரி. ஒரு நாளைக்கு எத்தனை தரம் இப்படி ஆவி விடுவீர்கள் என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார். அப்பா ஹவுன்ஸ்லோவில் ஷிப்டில் நின்றதால் மொழிபெயர்ப்பும் என் தலையில்தான். கேட்டேன், பதிலையும் சொன்னேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். வெளியே போய்க் குழாயை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாள் முழுக்கத் தேநீருக்குக் கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைக்கும் ஊர் இது! அந்த ஆவி எந்தச் சுவரையும் ஒன்றும் செய்யாதாம். எங்கள் பிட்டின் ஆவி மட்டும் சுவரைத் தேடிப்போய்ப் பிடிக்குமாம்.

அம்மா நம்பிவிட்டார். "படிச்ச மனிசன், தெரியாமலோ சொல்லுறார்? இனி நான் அவிக்கிறேல்லை பிள்ளை" என்றார். அன்றிலிருந்து பிட்டுமில்லை, இடியப்பமுமில்லை. கடையில் வாங்கிய பாணும் சம்பலும். சோற்றைக்கூட ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டு நின்று வடித்தார்.

அந்தக் கிழமைதான் உயிரியல் டீச்சர் கட்டுரை தந்தார். ஒரு விளைவை எடுத்து, அதற்குக் காரணம் என்னவென்று கண்டுபிடித்து, நாலு பக்கம் எழுத வேண்டும். மற்றவர்கள் சிகரெட்டையும் நுரையீரலையும் எடுத்தார்கள். நான் எங்கள் சுவரை எடுத்தேன். பூஞ்சணத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு கீறித் திகதி போட்டேன். வீட்டில் ஒன்றும் அவிக்காத மூன்று கிழமையும், இருபத்தொரு நாளும், விடாமல் கீறினேன். ஒவ்வொரு மழைக்கும் பிறகு கறுப்பு அந்தக் கோட்டைத் தாண்டி வந்தது. வெளியே போய் அளந்தால், குழாய் உடைந்த இடம் சரியாக அதற்கு நேர் பின்னால். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

டீச்சர் நல்லவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வாசித்துவிட்டு அன்பாகத்தான் சொன்னார்: "உங்கள் சமையல் முறையை நீ யோசிக்கவில்லையே? ஆவிதானே முதல் காரணமாக இருக்கும்?" மூன்று கிழமை அவிக்கவே இல்லை என்றேன். அதற்கு முன்பு அவித்த ஈரம் சுவரில் இருக்கும் என்றார். மழை பெய்தால்தான் பரவுகிறது என்றேன். சிரித்தார். "திருத்தி எழுதினால் ஏ கிடைக்கும். ஏ இல்லாமல் மேல் வகுப்பில் உயிரியல் எடுப்பது கஷ்டம்."

எனக்கு மேல் வகுப்பு வேண்டும். திருத்தி எழுதினேன். ஆவியை முதல் காரணமாக்கினேன், குழாயைக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக்கினேன். டீச்சருக்குப் பிடிக்கும் என்று படமும் கீறினேன்: பானை, நீத்துப்பெட்டி, அதிலிருந்து சுவருக்கு ஓர் அம்புக்குறி, சுவரிலிருந்து கட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு இன்னொன்று. ஏ வந்தது.

பெற்றோர் சந்திப்பன்று அந்தக் கட்டுரை வகுப்புச் சுவரில் தொங்கியது. அம்மா சேலைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். டீச்சர் அவரைக் கூட்டிக்கொண்டு போய் அதற்கு முன்னால் நிறுத்தி, "அம்மாவுக்குச் சொல்லு, மிக நல்ல வேலை" என்றார். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும்.

"இது எங்கடை நீத்துப்பெட்டியல்லோ" என்றார். அம்புக்குறியில் விரலை வைத்து மெல்லச் சுவர்வரை கொண்டுபோனார், பிறகு கட்டில்வரை. விரலை எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். டீச்சரைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார்.

பஸ்ஸில் ஏறி இருந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஆவி இல்லையம்மா. வெளியிலை உடைஞ்சு கிடக்கிற குழாய்தான். நான் அளந்து பாத்தனான்" என்றேன்.

அம்மா திரும்பிப் பார்த்தார். "எப்ப தொடக்கம் தெரியும்?"

"எழுத முதலே தெரியும்."

"பிறகேன் பிள்ளை, நான்தான் எண்டு எழுதினனீ?"

கவுன்சில் ஆள்மேல் இருந்த கோபமும் டீச்சர்மேல் இருந்த கோபமும் வாய்வரை வந்தன. இரண்டுமே அந்தக் கேள்விக்குப் பதிலில்லை.

"ஏ வேணும் எண்டுதான்" என்றேன்.