பச்சைப் போத்தலும் கேதீஸ்வரியின் காலும்

கேதீஸ்வரியப் பத்திக் கதைக்கத் தொடங்கினா எனக்குக் கோபந்தான் முதல்ல வரும். அவளில இல்ல. ஆரில எண்டு கேட்டா சொல்லத் தெரியாது, அதுதான் இன்னும் கோபம்.

வாவிக் கரையில குப்பை தரம் பிரிக்கிற இடத்தில நாங்க ரெண்டு பேரும் ஒரே நாளில வேலைக்குச் சேந்தம். எனக்கு வாய் வேலை செய்யும், அவளுக்குக் கை வேலை செய்யும். அவளிட புருசன் விட்டுட்டுப் போனவன். மகள் கம்சாயினி பள்ளிக்கூடம் போகுது. நாள் முழுக்க நிண்டு செய்யிற வேலை, கால் போனா சோறும் போகும்.

வீடு வீடாப் போய்ச் சொல்லிக் குடுக்கிறதும் அவள்தான். உக்கிறது ஒரு பையில, உக்காதது இன்னொரு பையில எண்டு. ஒருநாள் குப்பை ஏத்துற மதுரனிட கையில, ஆரோ பையில போட்ட இன்சுலின் ஊசி குத்திப்போட்டுது. அவளுக்கு மனம் கேக்கேல்ல. அடுத்த நாளே ஒழுங்கை ஒழுங்கையாப் போய், "ஊசியச் சும்மா பையில போடாதிங்க. சோடா குடிச்ச பிளாஸ்டிக் போத்தலுக்குள்ள போட்டு மூடிய இறுக்கிக் குடுங்க" எண்டாள். நல்ல புத்தி எண்டு எல்லாரும் சொன்னாங்க.

அந்தப் போத்தல் எங்க வரும்? எங்கட காலடிக்குத்தான். மூடியக் கொஞ்சம் திருகிக் காத்தை விட்டு, காலால மிதிச்சுத் தட்டையாக்கித்தான் நாங்க சாக்கில அடைக்கிறம். இது ஒருத்தரிட மண்டையிலயும் ஏறேல்ல.

மாமாங்கக் கோயில் திருவிழா முடிஞ்ச கிழமை போத்தல் மலையாக் குவிஞ்சு கிடந்துது. அவசர அவசரமா மிதிக்கிறம். உள்ளுக்க இருக்கிறது தெரியாத ஒரு பச்சைப் போத்தல மிதிச்சவள், "ஐயோ அம்மா" எண்டு நிலத்தில குந்திட்டாள். செருப்பையும் தாண்டி உள்ளங்காலில ஊசி. போத்தலக் கவிட்டுப் பாத்தன், பொலபொலண்டு ஊசி கொட்டுது.

"எந்த மூதேவிகா இதுக்குள்ள போட்டது?" எண்டு கத்தினன்.

"ஏசாதகா. நான்தான் சொல்லிக் குடுத்தன்" எண்டாள்.

இன்சுலின் போடுற ஆக்களுக்கு இருக்கிற சீனி வருத்தம் அவளுக்கும் இருந்திருக்கு. தெரிஞ்சா வேலையால நிப்பாட்டிருவாங்க எண்டு என்னட்டயும் மறைச்சுப்போட்டாள். காயத்துக்கு மஞ்சளப் பூசிக்கொண்டு நொண்டி நொண்டி வேலைக்கு வந்தாள். புண் கறுத்துப்போச்சு. நான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகக்குள்ள பிந்திட்டு. முதல்ல விரல் எண்டாங்க, பிறகு பாதம் எண்டாங்க, கடைசியில முழங்காலுக்குக் கீழ எடுத்தாங்க. கம்சாயினி வெளிய கிடந்த வாங்கில குந்தி அழுதாள். எனக்கு அழுகை வரேல்ல, ஆரையாவது பிடிச்சு அடிக்கோணும் போல இருந்துது.

வேலை போச்சு. வீட்டோட கிடந்தவள் ஒருநாள் தடிய ஊண்டிக்கொண்டு வெளிக்கிட்டாள்.

"எங்ககா இந்த வெயிலுக்க?" எண்டு மறிச்சன்.

"ஊசியப் போத்தலில போட வேணாம், ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுங்க எண்டு சொல்ல. இன்னும் நீ மிதிச்சுக்கொண்டுதானே நிக்கிறாய்."

"நான் சொல்றன், நீ பேசாம கிட."

"நான் சொன்னத நான்தான் மாத்திச் சொல்லோணும்" எண்டாள். பிடிவாதக்காரி. நானும் கூடப் போனன்.

முதல் வீட்டுப் படலையில நிண்டு கூப்பிட்டாள். முந்தி அவள் தொப்பியும் சீருடையும் போட்டு வரக்குள்ள கதிரை போட்டுத் தேத்தண்ணி குடுத்த வீடு. வெளிய வந்த மனிசிக்கு ஆளைத் தெரியேல்ல. தடியையும் காலையும் பாத்திட்டு உள்ள போனா. ஒரு சுண்டுப் பேணியில அரிசியோட வந்து நீட்டினா.

"இவள் பிச்சைக்கு வரேல்ல!" எண்டு வாயத் திறந்தன்.

கேதீஸ்வரி என்ட கையப் பிடிச்சு அமத்தினாள். பிறகு முந்தானைய ஏந்தினாள். அண்டைக்கு அவளிட வீட்டில உலை வைக்க ஒண்டுமில்ல எண்டது எனக்கு அப்பத்தான் விளங்கிச்சு.