எச்சில் பிளேட்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம், எனக்குப் பத்து வயது. என் வாயில் எதுவும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இரண்டு முன்பற்களுக்கு நடுவே அதிகப்படியாக ஒரு குச்சிப் பல், பக்கத்தில் முளைக்கவே முளைக்காத ஒன்று, ஈறின் உச்சியில் எட்டிப் பார்க்கும் கோரைப்பல். மாம்பலத்துப் பல் டாக்டர் அதிகப்படியைப் பிடுங்கிவிட்டு, கம்பி வைத்த பிளாஸ்டிக் பிளேட் ஒன்றை மேலண்ணத்தில் மாட்டினார். மூன்று வருஷம் போட்டுக்கொள்ள வேண்டுமாம். இருந்த பல்லைப் பிடுங்கிவிட்டு இல்லாத பல்லுக்கு இடம் ஒதுக்குவது என்ன வைத்தியமோ, எனக்கு இன்றுவரை முழுசாகப் புரியவில்லை.

"வலிச்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார் டாக்டர். வலித்தது. நம்பினேன்.

சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலோ வாயில் பட்டதெல்லாம் எச்சில். அம்மா இதற்கென்றே முற்றத்து ஓரத்தில் ஒரு பித்தளை டம்ளர் வைத்தாள். பிளேட்டை அதில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவேன். திரும்ப வந்து எடுக்கும்போது வெதுவெதுப்பாக இருக்கும். அது ஏன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாதம் ஒருதரம் அப்பாவோடு பஸ்ஸில் மாம்பலம் போவேன். ஒவ்வொரு தரமும் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "பல் நகரவே இல்லை சார். போட்டுக்காம விட்டா பிளேட் இப்படித்தான் பொருந்தாது."

"போட்டுண்டுதான் இருக்கேன்" என்று அழுவேன். பொய் என்றால் அப்பாவுக்கு ஆகாது. திரும்பி வரும் வழியெல்லாம் திட்டுவார். ஒருநாள் அலுத்துப்போய், "பள்ளிக்கூடத்துல கழட்டிடறேன்" என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். திட்டு நின்றது, ஆனால் எனக்குத் தலை குழம்பிவிட்டது. நிஜமாகவே கழற்றுகிறேனா? தூக்கத்தில் எடுத்துவிட்டு விடிவதற்குள் மாட்டிக்கொள்கிறேனா? பாடம் நடக்கும்போதே வாய்க்குள் விரலை விட்டு, பிளேட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

அடுத்த தரம் டாக்டர், இனி வைத்தியத்தை நிறுத்திவிடலாம் என்று சொல்லியனுப்பினார். அம்மாவுக்குப் பதறிவிட்டது. இந்தப் பல்லோடு பெண்ணை என்ன செய்வது என்று, மறுபடி போனபோது அவளும் கிளம்பி வந்தாள்.

டாக்டர் கடைசியாக ஒருதரம் பிளேட்டை எடுத்து, என் பல்லுக்கு ஆரம்பத்தில் எடுத்த மாவு அச்சின்மேல் வைத்துப் பார்த்தார். அதன் மேலும் உட்காரவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை வெந்நீர்ல போட்டீங்களா?"

"பின்னே?" என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையாகவே. "வாய்க்குள்ளேர்ந்து வந்த வஸ்து. தினம் ரெண்டு வேளையும் கொதிக்கக் கொதிக்க விடறேன்."

"போச்சு, கோணிப்போச்சும்மா. குழந்தை மேல தப்பே இல்லை."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "அப்போ நான் போட்டுண்டுதான் இருந்தேனாப்பா?"

அப்பா டாக்டர் பக்கம் திரும்பி, புது பிளேட் எப்போது கிடைக்கும் என்று விசாரித்தார்.