மழை வந்தால் எங்கே ஓடுவோம்?

ஞானகுமாரி டீச்சருக்குப் பாடப்புத்தகத்தின் மேல் தீராத கோபம். வெயில் காலத்தைப் பற்றிய பாடத்தை, வெயில் அடித்து ஓய்ந்த பிறகு ஜூலையில் நடத்தச் சொல்கிறது. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும்போதோ பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். ஜன்னலைத் திறந்தே பார்க்காத ஆள் யாரோதான் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி ஆத்திரப்படுவாள்.

அதனால் ஒன்றாம் வகுப்புக்கு அவளே ஒரு வழி வைத்திருந்தாள். ஆடிக் காற்று கிளம்பினால் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பனையோலைக் காற்றாடி. எந்தப் பக்கம் திரும்பி ஓடினால் சுற்றுகிறது, எந்தப் பக்கம் நின்றுவிடுகிறது என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். பொங்கல் முடிந்து வரும்போது கரும்புத் துண்டு கொண்டுவந்து கணு எண்ண வேண்டும். சரியாக எண்ணினால் கடித்துக்கொள்ளலாம். அந்த வாரம் மட்டும் கூட்டல் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. பங்குனியில் மைதானம் முழுக்க வேப்பம்பூ பொறுக்கல். பொறுக்கிய பூவால் தரையில் 'அ' போடுவார்கள், 'ஆ' போடுவார்கள், தும்முவார்கள்.

திருமுல்லைவாயிலில் ஏரிக்கரையை ஒட்டிய அந்தச் சின்னப் பள்ளிக்கு அவள் பூந்தமல்லியிலிருந்து மாற்றலாகி வந்து அது இரண்டாவது வருஷம். எண்பதுகளின் நடுவில். தலைமையாசிரியர் பிரகாசம் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்குச் சத்தம் ஆகாது.

"இது வகுப்பா, மாதா கோயில் திருவிழாவா டீச்சர்? ஐப்பசியில இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கல்வி ஆபீசர் வர்றார். அவரே பார்த்துச் சொல்லட்டும். அவருக்குப் பிடிக்கலேன்னா ஜனவரியிலேருந்து நீங்க அஞ்சாம் வகுப்பு, ஒண்ணாம் வகுப்பை நான் பார்த்துக்கறேன்."

கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் வகுப்பை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை விட்டுவிட்டு அவளால் இருக்க முடியாது.

ஆபீசர் வரும் மாதம் மழை மாதம். ஆகவே மழை விளையாட்டு. அட்டையில் படம் வரைந்து நான்கு சுவரில் ஒட்டினாள்: வீடு, மரம், பள்ளிக்கூடம், ஏரி. 'வெயில் வருது' என்றால் மரத்துக்கு ஓட வேண்டும். 'மணி அடிக்குது' என்றால் பள்ளிக்கூடத்துக்கு. 'மாட்டுக்குத் தாகம்' என்றால் ஏரிக்கு. 'மழை வருது, மழை வருது, எங்கே ஓடலாம்?' என்றால் வீட்டுக்கு.

ஒத்திகையில் 'மழை வருது' என்றதும் வகுப்பே வீட்டுப் படத்தடியில் போய் முண்டியடித்தது. பேபி மட்டும் பள்ளிக்கூடப் படத்தடியில் தனியாகப் போய் நின்றாள். ஏரிக்கரைக் குடிசையில் இருக்கும் துலுக்கானத்தின் மகள் பேபி. அவள் அப்பாவுக்கு முன்பு வயல் வேலை, இப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கம்பெனி ஒன்றில் மூட்டை தூக்குகிறார்.

"மணி அடிச்சாத்தானே இங்க வரணும் பேபி? மழைக்கு வீடு" என்றாள் டீச்சர். மறுநாளும் பேபி அங்கேயே போய் நின்றாள். அதற்கு மறுநாளும். ஆபீசர் வரும் நாள் நெருங்க நெருங்க டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

"எத்தனை தடவை சொல்றது? மழை வந்தா எங்க ஓடணும்? சொல்லு!"

"ஊட்டுக்கு" என்றாள் பேபி, உதடு பிதுங்க.

"இன்னொரு தடவை."

"ஊட்டுக்கு."

ஏன் அங்கே ஓடினாய் என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிஷ வேலை. தெரியாத குழந்தைக்குத் தெரிய வைத்துவிட்டோம் என்று நிம்மதிதான் பட்டாள்.

ஆபீசர் வந்த அன்று பேபிதான் வீட்டுப் படத்துக்கு முதலில் ஓடினாள். ஆபீசர் வாய்விட்டுச் சிரித்தார், கை தட்டினார். போகும்போது, "இந்த வகுப்பை இந்த டீச்சரே பார்க்கட்டும். படங்களைப் பத்திரமா வைங்க, மத்த ஸ்கூல்காரங்களுக்குக் காட்டணும்" என்று பிரகாசத்திடம் சொன்னார். அன்று சாயந்திரம் ஞானகுமாரி தெருமுனையில் அரைக் கிலோ லட்டு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரம் புயல் சின்னம். ரேடியோவில் விடுமுறை சொல்லிவிட்டார்கள். அம்பத்தூரில் தன் வீட்டு ஜன்னலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது: வகுப்பறை ஓடு ஒழுகும், படங்கள் சுவரிலேயே இருக்கின்றன. "அட்டைப் படத்துக்காக யாராவது இந்த மழையில கிளம்புவாங்களா?" என்றார் அவள் கணவர் இக்னேஷியஸ். அவள் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

விடுமுறை நாளில் பள்ளிக்கூடம் திறந்திருந்தது. வராந்தாவில் ஸ்டவ் எரிந்தது. தூணில் ஆடு கட்டியிருந்தது. ஒன்றாம் வகுப்புக்குள் பாய், பானை, துணி மூட்டை, படுத்திருக்கும் கிழவர்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரகாசம் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏரி தளும்புனா இவங்க இங்கதான் வருவாங்க டீச்சர். வருஷா வருஷம் நடக்கறதுதானே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. போன வருஷம் மழை விடுமுறை முடிந்து வந்தபோது பெஞ்சில் புகை வாடை அடித்தது. மூலையில் சோற்றுப் பருக்கை காய்ந்து கிடந்தது. ஒழுங்காகப் பெருக்கவில்லை என்று ஆயாவைத் திட்டிவிட்டுப் பாடம் நடத்தப் போய்விட்டாள். இப்போது நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வாசலில் ஒரே ரகளை. பேபியின் அம்மா வேம்புலியம்மாள் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பேபி சொட்டச் சொட்ட நனைந்து, படியில் கால் வைக்காமல் முரண்டு பிடித்தாள்.

"நீயே கேளு டீச்சரம்மா! காலையில அல்லாரும் இங்க வந்துகினு இருக்கசொல்ல, இது கைய உட்டுட்டுத் திரும்பி ஊட்டுக்கு ஓடிச்சி. அங்க இடுப்பளவு தண்ணி. அவங்க நைனா பின்னாலயே ஓடிப்போயி தோள்ல தூக்கிகினு வந்தாரு. இன்னாடின்னு கேட்டா, மழ வந்தா ஊட்டுக்குத்தான் ஓடணும், டீச்சரு சொல்லிக்கீறாங்கங்குது. ஊடு எங்க கீது டீச்சரம்மா?"

இடுப்பளவு என்றால் யாருடைய இடுப்பளவு? துலுக்கானம் அந்த நேரம் பக்கத்தில் இல்லாமல் போயிருந்தால்? மேலே நினைக்க ஞானகுமாரிக்குப் பயமாக இருந்தது.

டீச்சரைக் கண்டதும் பேபி அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். "நா வரல டீச்சர். எங்கம்மாதான் இஸ்த்துகினு வந்திச்சி" என்று அழுதாள்.

ஞானகுமாரி குடையைப் போட்டுவிட்டு மழையில் இறங்கினாள். பேபியின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். புடவை சேற்றில் புரண்டது.

"நீ மொதல்ல ஓடினியே, அதுதான் சரி கண்ணு. டீச்சர்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

பேபி நம்பவில்லை. "அப்ப மழ வந்தா?"

"இங்கதான் ஓடியாரணும்."

"அல்லாருமா?"

"வீட்டுக்குள்ள தண்ணி வராதவங்க வீட்டுக்குப் போவாங்க. தண்ணி வர்றவங்க இங்க வருவாங்க. ரெண்டும் சரிதான்."

பேபி யோசித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு இன்னொரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"ஆபீசரு வந்தா?"

வராந்தாவில் பிரகாசம் கஞ்சிக் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அங்கே நிற்பது ஞானகுமாரிக்குத் தெரியும். ஆபீசர் மெச்சிய விளையாட்டையே தப்பென்று சொன்னால் ஒன்றாம் வகுப்பே கையை விட்டுப் போகலாம் என்பதும் தெரியும்.

"ஆபீசர் வந்தாலும் இங்கதான்" என்றாள், அவருக்கும் கேட்கும்படியாக.

அதன் பிறகுதான் பேபி படியேறினாள்.