கார்டம்மாவின் நாலு நிமிஷம்

அந்த மூன்று பெட்டி ரயிலுக்கு அவள்தான் கார்டு. காலையில் வேலைக்குப் போகிறவர்களை ஊர் ஊராக ஏற்றிப் பெரிய ஊரில் இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைப் பதினோரு வருஷம் செய்து பாருங்கள், தெரியும்! ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைகளை எண்ணுவாள். வழக்கமான ஆள் யாராவது குறைந்தால் நீளமாக ஒரு விசில். தலைகூடச் சீவாமல் ஓடிவருவார்கள்.

வம்பு மூன்றாவது நிறுத்தத்தில்தான். ஒருத்தி மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்ததும் வராததுமாய், டயாலிசிஸுக்குப் போகும் கணவரைச் சைக்கிளில் உட்காரவைத்து மேட்டுப்பாதையில் மிதித்து வருவாள். வாரம் மூன்று நாள். என்ன மிதித்தாலும் நாலு நிமிஷம் பிந்திவிடும். கார்டம்மா பச்சைக்கொடியைச் சுருட்டிக்கொண்டு காத்திருப்பாள். தாமதத்தை ஒளிக்காமல் பதிவேட்டில் எழுதியும் வைப்பாள்.

மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. இன்னொரு தடவை தாமதமானால் தொலைதூரத்துக்கு மாற்றல். வீட்டில் மாமனார் படுத்த படுக்கை. விஷயம் பெட்டியெங்கும் பரவியது.

மறுநாளே ஆய்வாளர் வந்து ஏறினார். மூன்றாவது நிறுத்தம், கிளம்ப வேண்டிய நேரம் மணி ஏழு பதினாலு. சைக்கிளைக் காணோம்.

தினமும் வரும் தையல்காரர் ஒரு காலைப் படியிலும் ஒரு காலை நடைமேடையிலும் வைத்துக்கொண்டு, "ஐயையோ, செருப்பு மாட்டிக்கிச்சே!" என்று கத்தினார். படியில் ஆள் நின்றால் வண்டியை எடுக்கக் கூடாது என்பது விதி. அடுத்த கதவில் இன்னொரு வழக்கமான ஆளான நர்ஸ் தன் பையைக் கொட்டிக் கவிழ்த்தாள். நடிப்பு சகிக்கவில்லை!

அதற்குள் சைக்கிள் வந்துவிட்டது. கணவரைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள்.

"தாமதம் யாரால? செருப்பாலயா?" என்றார் ஆய்வாளர்.

ஆமாம் என்றால் போதும், தப்பித்துவிடலாம்.

"இல்ல சார், அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. செருப்பு மாட்டலைன்னாலும் நான் நிறுத்தியிருப்பேன்."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! ஆய்வாளர் கதவுப்பக்கம் திரும்பினார். நடைமேடையில் சைக்கிளைப் பிடித்தபடி மூச்சிரைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணையே பார்த்தார். பிறகு ஏதோ எழுதிக்கொண்டார்.

மாற்றல் உத்தரவை எதிர்பார்த்து ஒரு மாதம் அவளுக்குச் சரியான தூக்கமில்லை. கடைசியில் வந்தது புதிய கால அட்டவணை. மூன்றாவது நிறுத்தத்துக்கு நேராக ஏழு பதினெட்டு என்று போட்டிருந்தது.

அன்று அந்தப் பெண்ணின் கணவர் ஏறியதும் பச்சைக்கொடி காட்டினாள். பதிவேட்டில் தாமதம் என்ற கட்டத்தில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டாள்.