கொசு என்று கொட்டிய பச்சைத் தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஆவணி மாதத்தில், செகந்திராபாத் மாரெட்பள்ளியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இத்தனை நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறுகிற வழியாகத் தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. கணவருக்கு மத்திய அரசு வேலை, மாதத்தில் பாதி நாள் வெளியூர். நான் அமீர்பேட்டில் ஒரு பயிற்சி மையத்தில் காலையில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். மிச்ச நேரமெல்லாம் கடல் மீன் தொட்டியோடுதான். கடலே இல்லாத ஊரில் கடல் மீனா, இவளுக்கு என்ன கிறுக்கா என்று இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் கேட்டாயிற்று. உப்பு வாங்கி, வடிகட்டிய தண்ணீரில் கரைத்து, அளவு பார்த்து, வீட்டுக்குள் ஒரு முழங்கை நீளத்துக்குக் கடல் செய்து வைத்திருக்கிறேன். கிறுக்குதான். அதற்கென்ன?

அந்தத் தொட்டியில் நியான் கோபி என்ற மீன் ஒரு ஜோடி இருந்தது. சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். கறுத்த உடம்பில் மூக்கிலிருந்து வால் வரைக்கும் பளீரென்று ஒரு நீலக்கோடு. என் மகளின் தோழிகள் வந்தால், "ஆன்ட்டி, கோபி மஞ்சூரியன் எப்போ?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சின்னப் பிள்ளைகள்.

கடைகளில் நான் வாங்கிய கடல் மீன்கள் அநேகமாக எல்லாம் கடலில் பிடித்தவை. பையில் கட்டி, எங்கெங்கோ சுற்றி, வீட்டுக்கு வருவதற்குள் பாதி உயிர் போயிருக்கும். காலையில் எழுந்து விளக்கைப் போட்டால் ஒன்று மிதக்கும். இப்படிப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், இனிமேல் கடலில் பிடித்த மீனை வாங்குவதில்லை, இந்த ஜோடியிலிருந்து நானே குஞ்சு எடுப்பேன் என்று ஒரு வைராக்கியம் வந்துவிட்டது.

முட்டை போடுவது பெரிய விஷயமில்லை. தொட்டிக்குள் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் போட்டேன், அதற்குள் போட்டது. ஆண் மீன் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வராமல் காவல் இருந்தது. குஞ்சும் பொரிந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் இரண்டே நாளில் அத்தனையும் செத்தது. காரணம் பசி. அந்தக் குஞ்சின் வாய் ஊசிமுனையைவிடச் சிறியது. கடையில் விற்கும் எந்தத் தீனியும் அதற்குள் நுழையாது. ரோட்டிஃபர் என்று ஒரு நுண்ணுயிர் இருக்கிறது, கண்ணுக்குத் தூசி மாதிரிகூடத் தெரியாது, அதை உயிரோடு கொடுக்க வேண்டும். ரோட்டிஃபர் உயிரோடிருக்க அதற்குப் பாசி படிந்த பச்சை உப்புத் தண்ணீர் வேண்டும். ஆக, மீன் வளர்க்கத் தீனி வளர்த்து, தீனி வளர்க்கப் பாசி வளர்க்க வேண்டும். ஒரு கோடைக்காலம் முழுக்க அதற்கே போயிற்று. கடைசியில் இரண்டு வாளி நிறையப் பச்சைத் தண்ணீர் உருவாக்கி, வெளியூரிலிருந்து வரவழைத்த ரோட்டிஃபரை அதில் பெருக்கி, காற்றுக்குழாய் விட்டு, மேலே மெல்லிய துணி கட்டி, சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கும் இடத்தில் வைத்தேன். எங்கள் வீடு தரைத்தளம். அந்த இடத்துக்கு வெளிப்பக்கமாக ஒரு கம்பிக் கதவு உண்டு. வேலை செய்யும் அம்மா வருவதற்காகப் பூட்டாமல் வைப்போம்.

இந்த ஊரில் கடல் மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. முட்டைகளைப் படம் எடுத்து அதில் போட்டேன். எல்லாரும் வாழ்த்தினார்கள். ஒருவர் மட்டும், "முட்டை போட்டது மீன். இதில் உங்கள் சாதனை என்ன? உயிரோடு குஞ்சைக் காட்டுங்கள், பேசுவோம்" என்று எழுதினார். அல்வாலில் பல் டாக்டராம். மூன்று தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை எழுதினேன். அவர் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கட்டைவிரலைப் பார்த்து இன்னும் எரிந்தது. அன்றிலிருந்து அந்த மனிதர் குழுவில் எது சொன்னாலும் நான் அதற்கு மறுத்துப் பேசுவேன், நான் எது சொன்னாலும் அவர் தப்பு கண்டுபிடிப்பார்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் வகுப்புக்குக் கிளம்பும்போது தொட்டியைப் பார்த்தால், குஞ்சு பொரித்திருக்கிறது! கண்ணாடிச் சீவல்களுக்குக் கண் வைத்ததுபோல நூற்றுக்கணக்கில் தண்ணீருக்குள் துடித்துக்கொண்டிருந்தன. ஒரு குவளை பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். சாயங்காலம் வரை தாங்கும், பிறகு மறுபடியும் ஊற்ற வேண்டும். இந்தத் தடவை தீனி தயார். இந்தத் தடவை பிழைக்கும். மெட்ரோவில் நின்றுகொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

மத்தியானம் திரும்பி வந்து பின்பக்கம் போனேன். இரண்டு வாளிகளும் கழுவிக் கவிழ்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. தரையெல்லாம் பினாயில் வாசனை. காற்றுக்குழாய்கள் இரண்டும் வெறும் தரையில் கிடந்து புஸ் புஸ் என்று ஊதிக்கொண்டிருந்தன.

போட்டேன் ஒரு சத்தம். மூன்றாம் மாடி வரைக்கும் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஒரு அம்மா. எதிர் பிளாக்கில் இருக்கிறார். சர்க்கரையாகப் பேசுவார். பார்க்கும்போதெல்லாம் கன்னத்தைத் தொட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்பார். டெங்கு பரவுகிறது என்று அன்று காலை இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு எல்லா வீட்டையும் சுற்றித் தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டியிருக்கிறார். கம்பிக் கதவு திறந்திருக்கிறது. பச்சையாக, பாசி பிடித்து, இரண்டு வாளி. வேறென்ன நினைப்பார்? மேலே துணி கட்டியிருக்கிறதே, உள்ளே காற்று போகிறதே, யாராவது கொசுவுக்குக் காற்று விட்டு வளர்ப்பார்களா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஒரு போன் போட்டிருக்கலாம். என் நம்பர் அவரிடம் இருக்கிறது, தினமும் காலை வணக்கம் என்று பூப்படம் அனுப்பத் தெரிகிறதே!

நேரே போய்க் கதவைத் தட்டினேன். எனக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். ஆனால் கோபம் வந்தால் தூத்துக்குடித் தமிழ் மட்டும்தான் வாயில் நிற்கும். "யாரக் கேட்டு என் வாளியத் தொட்டீக? எத்தன உசிருன்னு தெரியுமா ஒங்களுக்கு?" என்று கத்தினேன். அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. சிரித்துக்கொண்டே என் தோளைத் தடவி, "மீ மஞ்சி கோசமே கதண்டி" என்றார். உங்கள் நல்லதுக்குத்தானே என்று அர்த்தம். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உச்சந்தலை கொதித்தது. என்னைத் திருப்பித் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்த்தேன். குஞ்சுகள் துடித்துக்கொண்டே இருந்தன. காலையில் ஊற்றியதுதான் கடைசிச் சாப்பாடு என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? நாளை காலை அத்தனையும் அடியில் கிடக்கும். ரோட்டிஃபரை மறுபடி வெளியூரிலிருந்து வரவழைக்க ஒரு வாரம் ஆகும். இந்த ஊரில் அதை உயிரோடு வைத்திருப்பது எனக்குத் தெரிந்து இன்னும் ஒரே ஒரு ஆள்தான். அந்தப் பல் டாக்டர்.

அவரிடம் போய்க் கேட்பதா? நானா? பொதுவாகக் குழுவில் போடுவோம், வேறு யாரிடமாவது இருக்கும் என்று, குடியிருப்பின் பெயரோடு நடந்ததை எழுதினேன். பத்து நிமிடத்தில் அழுகைப் படங்கள் வந்து குவிந்தன. ஐயோ பாவம் அக்கா, தைரியமாக இருங்கள் அக்கா, எல்லாம் நன்மைக்கே அக்கா. எது நன்மைக்கு? ஒருத்தரிடமும் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் இல்லை. அந்த ஆள் மட்டும் படித்திருக்கிறார் என்று நீலக் குறி காட்டியது, ஆனால் ஒரு வார்த்தை எழுதவில்லை. சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பள்ளியிலிருந்து வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஜஸ்ட் கால் ஹிம்" என்றாள். "ஏட்டி, ஒனக்கு என்ன தெரியும், பேசாம இரு" என்று அவள்மேல் பாய்ந்தேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். நான் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். என் ரோஷத்தைச் சாப்பிட்டு அதுகள் பிழைக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு போன் போட்டேன்.

எடுத்தவர் என்னைப் பேசவே விடவில்லை. அவர் தமிழில் ஹைதராபாத் உருது கலந்து வரும்; 'கைக்கு' என்றால் எதுக்கு. "கைக்கு போன் பண்றீங்க மேடம்? வண்டி ஓட்டிட்டிருக்கேன். கார்கானா சிக்னல்ல நிக்கிறேன். வீட்டு நம்பர் மட்டும் அனுப்புங்க. தொட்டி உப்பு அளவு என்னன்னு பார்த்து வைங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

குழுவில் நான் எழுதியதைப் படித்த உடனேயே கிளம்பியிருக்கிறார். நான் கேட்பதற்கு முன்பே.

கொட்டுகிற மழையில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மழைக்கோட்டுக்குள் டாக்டர் கோட்டுகூடக் கழற்றவில்லை. கால்களுக்கு நடுவே பெரிய தண்ணீர் கேன், அது நிறையப் பச்சைத் தண்ணீர். குடியிருப்பின் காவலாளி உள்ளே விடாமல் தடுக்க, அவரிடம் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். வந்ததும் வணக்கம் இல்லை, வருத்தம் இல்லை. பினாயில் வாசனை வருகிறதே, அந்தக் கையோடு தொட்டியைத் தொட்டீர்களா என்று முதல் அதட்டல். இல்லை என்றேன். தொட்டியின் உப்பு அளவைச் சொன்னேன். தன் கேனில் உப்பு குறைவு என்று முணுமுணுத்துக்கொண்டே, மெல்லிய துணியில் வடிகட்டி, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கி, அப்புறம்தான் ஊற்றினார். பொறுமையான கை. வாய் மட்டும் ஓயவில்லை.

"எத்தனை வாளி வெச்சிருந்தீங்க?"

"ரெண்டு."

"ரெண்டும் எங்கே?"

"பக்கத்துப் பக்கத்துலதான்."

"ஒரே இடத்துல வெச்சா அது ரெண்டு இல்லை மேடம், ஒண்ணுதான்! ஒண்ணு போனா ரெண்டும் போகும். கணக்கு டீச்சர்னு சொன்னாங்க குழுவுல?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த நேரத்தில் என் மகள், "அம்மா, லுக்!" என்றாள். விளக்கு வெளிச்சத்துக்குப் பக்கத்தில் குஞ்சுகள் ஒவ்வொன்றாக உடம்பை வளைத்து, வெடுக்கென்று பாய்ந்து, தின்றுகொண்டிருந்தன. மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். நான் அழுதேன். கோபத்தில்தான் அழுதேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ரோனா நக்கோ மேடம், அழுறதுக்கு இதுல என்ன இருக்கு" என்றார். அழ வேண்டாமாம். டீ போடட்டுமா என்றேன். "டீயும் நக்கோ. கிளினிக்ல ஒரு பேஷன்ட் தாடை மரத்துப்போய் உட்கார்ந்திருக்காரு. மரப்பு போறதுக்குள்ள போகணும்" என்று சொல்லிவிட்டு, நனைந்த செருப்போடு போய்விட்டார். கேனை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் செயலாளர் அம்மா வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இரண்டு தங்கமீன்கள்! உங்கள் மீனுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று அதே சிரிப்போடு நீட்டினார். நல்ல தண்ணீர் மீன்! அதைக் கொண்டுபோய் நான் உப்புத் தண்ணீரில் விட்டிருந்தால் அதுவும் செத்திருக்கும். பை ஒழுகுகிறதே, அந்த மீன்கள் என்ன பாவம் செய்தன என்று வாங்கித் தனியாக ஒரு வாளியில் விட்டு, மகளின் தோழி ஒருத்தியிடம் கொடுத்தனுப்பினேன்.

குஞ்சுகள் எல்லாம் பிழைக்கவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், பெரும்பாலானவை வழியிலேயே போய்விட்டன. ஆனால் ஒரு கை நிறைய மிஞ்சின. கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் அவை தண்ணீரில் அலைவதை விட்டுவிட்டு, கண்ணாடியில் ஒட்டி உட்கார்ந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் முடி கனத்துக்கு நீலக்கோடு. டாக்டரை வரச்சொன்னேன். வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, வெகு நேரம் பார்த்தார். சரி, இன்றைக்காவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். "பின்பக்கக் கண்ணாடி துடைக்கவே மாட்டீங்களா?" என்றார்.

அதே வாரம் செயலாளர் அம்மா என் தொட்டியைப் படம் பிடித்து, நம் குடியிருப்பின் பெருமை என்று சங்கத்தின் குழுவில் போட்டார். கைதட்டல் குவிந்தது. அவருக்குத்தான்.

இப்போது என் பச்சைத் தண்ணீரில் ஒரு வாளி அல்வாலில் டாக்டர் கிளினிக்கின் பின்னறையில் இருக்கிறது, அவருடையது ஒன்று என் வீட்டுக்குள் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவையாவது எங்களுக்குள் சண்டை வருகிறது. வாளியை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. என்னிடம் யாராவது சிடுசிடுவென்று விழுந்தால் பதிலுக்குப் பாயத்தான் இன்றைக்கும் வாய் துடிக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் அவர்கள் கையில் என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.